டார்க் சாக்லேட் சாப்பிட்டால் பிரஷர் மாத்திரையைக் குறைக்கலாமா?

காவேரிப்பட்டினத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது, பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை ஓடுகிறது. பெங்களூரிலிருந்து வந்த சித்தப்பா மகன் 70 சதவீத டார்க் சாக்லேட் இரண்டு பார் கையில் கொடுத்து, "மாயா காலத்திலிருந்தே இது மருந்து, தினம் ரெண்டு துண்டு சாப்பிட்டா மாத்திரையைப் பாதியாக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது நிஜமா என்பது முதல் கேள்வி. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கோகோ கொட்டை வரவழைத்து வீட்டு கிரைண்டரில் அரைத்தால் இன்னும் நல்லதா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்: மருந்து என்று பேசப்படும் சாமானும் உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும் சாமானும் ஒன்றுதானா? ஒன்றில்லை. இரண்டும் எப்படிப் பிரிந்தன என்பதுதான் சாக்லேட்டின் வரலாறு. அதைத் தெரிந்துகொண்டால் உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அதற்கு முன் மாத்திரை. குறைக்கக் கூடாது. கோகோவைப் பற்றிய 35 மருத்துவச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2017-ல் வந்தது. அதில் ரத்த அழுத்தம் இறங்கியது சராசரியாக 1.8 புள்ளிதான். வழக்கமான அளவில் கொடுக்கும் ஒரு பிரஷர் மாத்திரை மேல் எண்ணைச் சுமார் 8, 9 புள்ளி இறக்கும். 150 இருந்த இடத்தில் 148 ஆவதற்காக மாத்திரையைப் பாதியாக்கினால் பிரஷர் மறுபடி ஏறலாம், அதுவும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, வருபவர்கள் அளந்தும் பார்க்கிறார்கள். அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ அந்த அளவுகளைப் பார்க்கும் டாக்டரின் வேலை. இங்கே உட்கார்ந்து யாரும் சொல்ல முடியாது, நான் உட்பட.

இனி வரலாறு. கோகோவை மனிதர்கள் பயன்படுத்தியதற்கான மிகப் பழைய தடயம் எக்வடோர் நாட்டின் தென்கிழக்கில் சாந்தா ஆனா - லா ஃப்ளோரிடா என்ற இடத்தில் கிடைத்த பாத்திரங்களில் இருக்கிறது. வயது சுமார் 5,300 ஆண்டு. இன்றைய மெக்சிகோ, குவாத்தமாலாப் பக்கம் வாழ்ந்த மாயா மக்களும் பின்னால் அஸ்டெக் மக்களும் கொட்டையை வறுத்து, கல்லில் அரைத்து, தண்ணீரில் கரைத்து, மிளகாயும் வாசனைப் பூக்களும் சேர்த்து நுரை பொங்கக் குடித்தார்கள். கரும்புச் சர்க்கரை அவர்களிடம் கிடையாது. தேன் சிலசமயம் சேர்ந்திருக்கிறது. மற்றபடி கசப்புதான். கொட்டையே காசாகவும் புழங்கியது. இதெல்லாம் ஐயமில்லாதது. அஸ்டெக் மன்னர் மொக்தெசுமா ஒரு நாளைக்கு 50 கோப்பை குடித்தார் என்பதும், 1528-ல் அவர் நாட்டைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்டெஸ்தான் ஸ்பெயினுக்குக் கொட்டையைக் கொண்டுபோனார் என்பதும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு உண்மைபோல ஆகிவிட்டவை. கோர்டெஸ் விஷயத்தில் அந்தக் காலத்துச் சான்று இல்லை. 1544-ல் மாயா பிரமுகர்கள் சிலர் டொமினிக்கன் சபைக் கிறிஸ்தவத் துறவிகளோடு ஸ்பெயின் இளவரசர் பிலிப்பைப் பார்க்கப் போனபோது கொண்டுபோன பொருள்களில் சாக்லேட்டும் இருந்தது என்பதற்குத்தான் பதிவு உண்டு.

மருந்தாக இருந்ததா என்றால், ஆம், இருந்தது. ஆனால் அந்தக் காலத்து மருத்துவக் கணக்கில். ஸ்பானிய மருத்துவர்கள் கோகோவைக் 'குளிர்ச்சி' என்று வகைப்படுத்தினார்கள். அதை முறிக்கச் 'சூடான' மிளகாய், பட்டை சேர்க்கச் சொன்னார்கள். பப்பாளி சூடு, வெள்ளரி குளிர்ச்சி என்று நம் வீடுகளில் பேசுவதற்கு இது அப்படியே அண்ணன் தம்பி. வயிறு, காய்ச்சல், சோர்வு என்று எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். பழங்காலத்தில் கொடுத்தார்கள் என்பது பழங்காலத்தில் பலித்தது என்பதற்குச் சான்றாகாது.

திருப்பம் 1828-ல் வந்தது. நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம், அரைத்த கோகோவை நசுக்கிக் கொழுப்பைத் தனியே பிரிக்கும் அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது. கொழுப்புப் போன தூளைக் காரத்தில் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்புப் போன்ற ஆல்கலி) ஊறவைத்துக் கசப்பையும் புளிப்பையும் போக்கும் முறையும் அவர்களுடையதுதான். பிரித்த கொழுப்பையும் சர்க்கரையையும் கோகோவோடு மறுபடி சேர்த்து அச்சில் வார்க்கலாம் என்று 1847-ல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கண்டுகொண்டது. கடித்துச் சாப்பிடும் கட்டி சாக்லேட் அங்கே பிறந்தது. 1875-ல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் சுண்டிய பாலைச் சேர்த்தார். 1879-ல் ரோடோல்ஃப் லிண்ட், நாள்கணக்கில் உருட்டிக் குழைக்கும் இயந்திரத்தால் வாயில் வழுக்கும் பதத்தைக் கொண்டுவந்தார். சுவைக்கு இவை எல்லாம் ஏணிப்படி. கோகோவில் உடம்புக்கு உதவுவதாக இன்று சொல்லப்படும் பொருளுக்கோ இவற்றில் பல இறங்குபடி.

அந்தப் பொருளின் பெயர் ஃப்ளேவனால். அதில் முக்கியமானது எபிகேட்டசின். ரத்தக் குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. எபிகேட்டசின் அந்தச் சுரப்புக்குக் கைகொடுக்கிறது. இந்த இயக்கம் நன்றாகவே நிறுவப்பட்டது. பனாமா நாட்டுத் தீவுகளில் வாழும் குனா பழங்குடியினருக்கு வயதானாலும் பிரஷர் ஏறுவதில்லை என்பதைக் கவனித்து, ஹார்வர்டின் நார்மன் ஹோலன்பெர்க் அவர்கள் தினம் பல கோப்பை குடிக்கும் பதப்படுத்தாத கோகோவைக் காரணமாக முன்வைத்தார். அதே மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் பிரஷர் வந்துவிடுகிறது. ஆனால் நகரத்துக்கு வந்தவர்களுக்குக் கோகோ மட்டுமா மாறியது? மீன், உழைப்பு, தூக்கம், மனசு எல்லாமே மாறியது. அதனால் இது ஒரு நல்ல துப்பு. தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போதைக்கு இருக்கும் பெரிய சோதனை காஸ்மாஸ். அமெரிக்காவில் 21,442 முதியவர்கள், சுமார் மூன்றரை ஆண்டு, பாதிப் பேருக்குத் தினம் 500 மில்லிகிராம் கோகோ ஃப்ளேவனால், மீதிப் பேருக்கு வெறும் குளிகை. 2022-ல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்த இதய நிகழ்வுகளைத் தடுப்பதுதான் முதல் கேள்வி. அதில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. இதய நோயால் இறப்பது 27 சதவீதம் குறைந்தது என்பது துணைக்கேள்வியில் கிடைத்த விடை. நம்பிக்கை தருகிறது, ஆனால் மறுபடி ஒரு சோதனையில் உறுதியாக வேண்டும். இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். அவர்கள் கொடுத்தது குளிகை, சாக்லேட் இல்லை. செலவில் ஒரு பங்கைக் கொடுத்தது மார்ஸ் சாக்லேட் நிறுவனம். ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளில்லை, ஆனாலும் படிக்கும்போது மனசில் வைத்துக்கொள்ள வேண்டிய தகவல். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-ல், இதய நோய் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று டப்பாவில் போட்டுக்கொள்ளும் ஒரு வாசகத்தை அனுமதித்தது. குறைந்தது 4 சதவீதம் ஃப்ளேவனால் உள்ள கோகோத் தூளுக்கு மட்டும், அதுவும் 'சான்று மிகக் குறைவு' என்ற சொல்லோடு. சாதாரணக் கோகோத் தூளுக்கும் சாக்லேட்டுக்கும் அந்த வாசகம் பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது.

சரி, ஃப்ளேவனால் எங்கே தொலைகிறது? முதல் இழப்பு தோட்டத்திலேயே. காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டையைக் குவித்து 5 முதல் 7 நாள் புளிக்க வைப்பார்கள். குவியலுக்குள் சூடு 45 முதல் 50 டிகிரி வரை ஏறும். இதைச் செய்யாவிட்டால் சாக்லேட் வாசனையே வராது, செய்தால் எபிகேட்டசினில் பெரும்பகுதி போய்விடும். அடுத்து வறுவல். அதற்கடுத்து, இருப்பதிலேயே மோசமானது, காரப் பதம். காரம் படாத கோகோத் தூளில் கிராமுக்கு ஏறக்குறைய 34 மில்லிகிராம் ஃப்ளேவனால் இருந்தது. லேசாகக் காரம் பட்டதில் 14, நன்றாகக் காரமேறியதில் 4 என்று 2008-ல் வந்த ஓர் அளவீடு காட்டியது. அதனால் கோகோத் தூள் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அமிலச் சீராக்கி என்று போட்டு 500 அல்லது 501 என்ற எண் இருந்தால் காரம் பட்டது. கண்ணாலும் தெரியும்: காரம் படாதது வெளிறிய செம்பழுப்பு, நாக்கில் புளிப்பு. காரம் பட்டது கரும்பழுப்பு, புளிப்பில்லாத மழமழப்பு. ஒரு டீஸ்பூன் தூளைச் சுடுதண்ணீரில் குழைத்து ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுப் பார்த்தால், காரம் படாதது நன்றாக நுரைக்கும், மற்றது அவ்வளவாக நுரைக்காது.

70 சதவீதம் என்பதையும் இங்கே புரிந்துகொள்ள வேண்டும். அது கோகோப் பருப்பும் (ஓடு நீக்கிய கொட்டை), தனியே சேர்த்த கோகோ வெண்ணெயும், தூளும் எல்லாம் சேர்ந்த எடை. ஃப்ளேவனாலின் அளவு இல்லை. ஒரே 70 சதவீதம் போட்ட இரண்டு பாரில் ஒன்றில் வெண்ணெய் கூடவும் பருப்பு குறைவாகவும் இருக்கலாம். காரம் பட்ட கோகோ போட்டிருந்தால் 85 சதவீதம் கூட வெறும் கசப்புதான். சேர்மானப் பட்டியலில் எடை கூடியது முதலில் வரும். முதல் பெயர் சர்க்கரை என்றால் அது மிட்டாய், பேச்சில்லை. கோகோ வெண்ணெய்க்குப் பதில் ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது பேக்கரிக்காரர்கள் கேக்குக்கு உருக்கும் காம்பவுண்ட் வகை. வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் மட்டும்தான், ஃப்ளேவனால் இல்லையென்றே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 70 சதவீத பாரில் 20 கிராம் என்பது ஏறத்தாழ இரண்டு, மூன்று துண்டு. அதில் 120 கலோரி, 6 கிராம் சர்க்கரை வரை. பால் சாக்லேட்டில் அதே 20 கிராமுக்குச் சர்க்கரை 10 கிராம். சுகர் கட்டுக்குள் இருந்து, அவருக்குப் பிடித்தும் இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு 10 கிராம் சாப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் அது சாயங்கால பிஸ்கட்டுக்கோ மிக்சருக்கோ பதிலாக இருக்கட்டும், மேற்கொண்டு வேண்டாம். சுகர்ஃப்ரீ என்று விற்பதில் பெரும்பாலும் மால்டிட்டால் இருக்கும். அதுவும் ஓரளவு சுகரை ஏற்றும், கொஞ்சம் கூடினால் வயிறு உப்பி பேதியாகும். வெல்லம் போட்டதாகச் சொல்லி விற்பதற்கும் மயங்க வேண்டாம். ஆலைக்கொட்டாயிலிருந்து நேரே வந்த வெல்லமானாலும் சுகர்காரருக்கு அது சர்க்கரைதான்.

பலர் தவறவிடும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சுகர் திடீரென இறங்கி வியர்த்து, கை நடுங்கினால் வாயில் சாக்லேட்டைப் போடாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். அந்த நேரத்துக்கு வேண்டியது மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கரைத்த தண்ணீர். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சுகரைப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கோகோவின் பலன்தான் வேண்டும், சர்க்கரை வேண்டாம் என்றால் பாரை விட்டுவிட்டுத் தூளுக்குப் போங்கள். காரம் படாத தூள் இரண்டு டீஸ்பூன், சுமார் 5 கிராம். முதலில் இரண்டு ஸ்பூன் சுடுதண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு 150 மில்லி சுடுதண்ணீர் ஊற்றி ஆற்றிக் குடிக்கலாம். நேரடியாக ஊற்றினால் தூள் மேலே மிதந்து கட்டிகட்டும், அதிலுள்ள கொழுப்புத் தண்ணீரோடு சேராது. துளி பட்டைத்தூள் போட்டால் கசப்பு தாங்கும். பால் சேர்த்தால் பலன் போய்விடும் என்பது சந்தேகத்துக்குரியது, ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. வாழைப்பழம் சேர்த்து அடிப்பதுதான் கெடுதல். பழத்திலுள்ள ஒரு நொதி ஃப்ளேவனாலைச் சிதைக்கிறது. ஒரு சோதனையில் ரத்தத்தில் சேர்ந்த அளவு 84 சதவீதம் குறைந்தது. அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வந்திருந்தால் இந்தத் தினசரிக் கோப்பை வேண்டாம். கோகோவில் ஆக்சலேட் அதிகம், நம்முடைய உப்புத்தண்ணீர் போர்வெல் ஊர்களில் கல்லுக்கு ஆள் குறைவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியிருந்தாலும் பொட்டாசியத்தை முன்னிட்டு டாக்டரிடம் கேட்டபிறகுதான். நெஞ்செரிச்சல்காரர்கள் படுக்கப்போகும் நேரத்தில் தவிர்க்கலாம்.

இணையத்தில் உலவும் மற்ற பெருமைகளைச் சுருக்கமாகத் தள்ளிவிடுகிறேன். இரும்புச்சத்து: 100 கிராமில் 12 மில்லிகிராம் வரை இருப்பது நிஜம், ஆனால் கோகோவின் துவர்ப்பே அதை உறிஞ்ச விடாமல் பிடித்துக்கொள்ளும். சோகை உள்ள பெண்ணுக்குச் சாக்லேட் வைத்தியம் ஆகாது. எடை குறைப்பு: 2015-ல் ஒரு பத்திரிகையாளர், அறிவியல் செய்திகள் எவ்வளவு எளிதாக ஏமாறும் என்று காட்டுவதற்காகவே பதினைந்து பேரை வைத்து வேண்டுமென்றே ஓட்டையான ஓர் ஆய்வு நடத்திக் கிளப்பிய செய்தி அது. அவரே வெளிப்படையாகச் சொன்ன பிறகும் அது ஓயவில்லை.

உலோகக் கலப்பு மட்டும் கவனத்துக்குரியது. காட்மியம் மண்ணிலிருந்து கொட்டைக்கே ஏறுகிறது, ஈயம் பெரும்பாலும் காயவைக்கும்போது படியும் தூசியிலிருந்து. கோகோ கூடக் கூட இதுவும் கூடும். 50 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள சாக்லேட்டுக்குக் கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் காட்மியம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் கடும் டார்க் சாக்லேட்டைத் தினப்படி ஆக்காமல் இருப்பது இதனால்தான் நல்லது.

இனி கொட்டை வாங்கி அரைப்பது. கோகோ தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை, 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நட்டுப் பார்த்தது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிர். புளிக்கவைத்துக் காய்ந்த கொட்டையாகவே வாங்குங்கள். இருபது கொட்டையை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பும் பிளவும் இருந்தால் சரியாகப் புளித்தது. ஊதா என்றால் அரைகுறை, சாம்பல் என்றால் புளிக்கவே இல்லை. பூஞ்சணம் தெரிந்தால் மூட்டையையே திருப்பிக் கொடுங்கள். ஈரம் போகவில்லை என்று மறுபடி காயவைப்பதானால், கேழ்வரகையும் கொள்ளையும் போடுவதுபோலத் தார்ரோட்டில் போடாதீர்கள். வண்டித் தூசியும் ஈயமும் அப்படித்தான் சேரும். மொட்டைமாடியில் துணி விரித்துப் போதும்.

வறுக்காமல் அரைக்கக் கூடாது. புளிக்கும்போது தொட்ட கை, மண், எலி எல்லாவற்றின் கிருமியும் ஓட்டில் இருக்கும். அடிகனமான இரும்புச் சட்டியில் சிறுதீயில், ஓவன் இருந்தால் 120 முதல் 130 டிகிரியில், 20 முதல் 30 நிமிடம். படபடவென வெடித்து, காடி நெடி அடங்கி, ஓடு விரலில் நசுங்கினால் போதும். தீ கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். ஆறியபின் உடைத்து முறத்தில் புடைத்தால் ஓடு பறந்துவிடும். ஓட்டை நன்றாக நீக்குங்கள், அழுக்கும் உலோகமும் அதில்தான் அதிகம். ஒரு கிலோ கொட்டைக்கு 700 முதல் 750 கிராம் பருப்பு நிற்கும்.

அரைக்க நம் கோயம்புத்தூர்க் கல் கிரைண்டரே போதும். வெளிநாட்டில் சிறிய அளவில் சாக்லேட் செய்பவர்கள் பலர் நம்மூர்க் கிரைண்டரைத் திருத்தித்தான் பயன்படுத்துகிறார்கள். கல்லையும் பாத்திரத்தையும் வெயிலில் வைத்து ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் சூடாக்கிக்கொண்டு, பருப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கல் சிக்கி பெல்ட் வழுக்கும். பருப்பில் பாதிக்குமேல் கொழுப்பு, அதனால் அரைமணியில் தானே இளகிக் குழம்பாகும். கடைப் பார் போல மழமழப்பு வேண்டுமானால் 12 முதல் 24 மணி நேரம் ஓட வேண்டும், மாவரைக்கும் மோட்டார் அதற்குத் தாங்காது, சூடேறும்போதெல்லாம் நிறுத்த வேண்டும். குடிப்பதற்கு மட்டும் என்றால் இரண்டு, மூன்று மணி நேரம் போதும், உருட்டி வைத்துக்கொண்டு சுடுதண்ணீரில் கரைக்கலாம். சர்க்கரை சேர்ப்பதானால் பொடித்த சர்க்கரை. வெல்லம் போட்டால் அதன் ஈரத்தில் குழம்பு மண்போல இறுகிப்போகும், பிறகு எதுவும் செய்ய முடியாது. வீட்டில் செய்ததில் கலப்படம் இருக்காது, சர்க்கரை உங்கள் கையில் என்பது மட்டும்தான் உறுதி. புளித்து வறுபட்ட கொட்டைதானே, ஃப்ளேவனால் கடைப் பாரைவிட அதிகம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கையிலிருக்கும் இரண்டு பாரை என்ன செய்வது? கோகோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே உருகிவிடும். ஓசூர்க்காரர்கள் பாதி வருஷம் அலமாரியில் வைக்கலாம், காவேரிப்பட்டினத்து ஏப்ரலில் முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடும் முன் டப்பாவைத் திறக்காமல் அரைமணி வெளியே வையுங்கள். உடனே திறந்தால் மேலே நீர் கோத்துச் சர்க்கரை கரைந்து சொரசொரப்பாகும். வெள்ளையாகப் பூத்திருந்தால் பெரும்பாலும் உருகி உறைந்த கொழுப்பு. விரல் சூட்டில் மறைந்தால் பூஞ்சணமில்லை, சாப்பிடலாம். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், கோகோவிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம்.